என் பேரில் இருந்த மெசின் வாள்

அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கச்சி இருந்தாள். அவள் புருஷன், என் மச்சான், இருந்தார். என் மனைவி இருந்தாள். மெசின் வாளை எனக்கு விற்ற மாவடிப்பள்ளி மரவேலைக்காரர் இருந்தார். நான் இருந்தேன். வேறு ஒருவரும் இல்லை. தங்கச்சியின் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போயிருந்தார்கள்.

இடம் தங்கச்சி வீட்டுச் சாமான் அறை. பின்னேரம் அஸர் தொழுது வந்த நேரம். மரம் வெட்டும் மெசினைச் சாக்கில் சுற்றி இரும்பு றங்குப்பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியைச் சாவியால் பூட்டினேன். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் எனக்குக் கட்டாருக்கு விமானம்.

கட்டாரில் என் வேலை மரம் வெட்டுவது. பாலைவனத்தில் என்ன மரம் என்று ஊரில் சிரிப்பார்கள். இருக்கிறது. வீதி ஓரத்தில் வேம்பு நிற்கும். பெரிய ஆட்களின் தோட்டத்தில் பேரீச்சை நிற்கும். தோட்டக் கம்பனி ஒன்றில் பல வருடம் மெசின் பிடித்தேன். காலையில் ஸ்டோரில் கையெழுத்து வைத்து எடுப்போம். மாலையில் கையெழுத்து வைத்துக் கொடுப்போம். ஒரு நாளும் அது என் அறைக்கு வந்ததில்லை. கம்பனியின் சாமான். அது எங்கே கிடக்கிறது, யார் தொட்டது என்று நான் யோசித்துப் படுத்ததில்லை.

மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கினோம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நானும் அப்படித்தான் என் மனைவியின் வீட்டுக்குப் போனவன். எங்கள் உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போனது. மச்சான் அங்கே வந்தார். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

ஆனால் அடையாள அட்டையை யாரும் மாற்றுவதில்லை. எனக்குப் பதினாறு வயதில் அட்டை எடுத்தது. அதில் உம்மாவின் வீட்டு விலாசம். மனைவியின் வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் சோறு தின்கிறேன். அட்டையில் நான் இன்னும் உம்மாவின் வீட்டில் இருக்கிறேன்.

மகளின் வீட்டுக்குச் சுவர் எழும்பியது. நிலை, கதவு, ஜன்னல் என்று மரம் வேண்டும். மனைவிக்கு வயல் வட்டைப் பக்கம் கொஞ்சம் மேட்டுக் காணி இருந்தது. அதில் வேம்பு நின்றது. கூலிக்கு ஆள் பிடித்து அறுக்கிற காசில் ஒரு மெசினே வாங்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். எனக்கு அந்த வேலை தெரியும். ஊரோடு வந்து இருக்கும் காலத்தில் பிழைப்புக்கும் ஆகும்.

கட்டாரிலேயே வாங்கி அனுப்பத்தான் நினைத்தேன். சாமான் அனுப்பும் கடையில் நம் நாட்டு ஆள் ஒருவர் இருந்தார், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார். அவரிடம் கேட்டேன்.

"டீவி போடுங்க. சைக்கிள் போடுங்க. கட்டில் எண்டாலும் கழட்டிப் போடுங்க," என்றார். "வாள் மட்டும் போடாதீங்க காக்கா."

"ஏன்?"

"அங்க இறக்கப் பெர்மிட் கேப்பாங்க. பெர்மிட் இல்லாட்டி துறைமுகத்துல கிடந்து துருப்புடிக்கும். நீங்களும் அதோட கிடந்து துருப்புடிப்பீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லீவில் வந்தபோது மாவடிப்பள்ளி ஆளிடம் பாவித்த மெசின் ஒன்றை வாங்கினேன். அவருக்கு முதுகு ஏலாமல் போயிருந்தது. மெசினுக்கு அரசாங்கத்தில் செய்யும் பதிவு ஒழுங்காக இருந்தது. இரண்டு பேருமாகப் போய்ப் பேர் மாற்றினோம்.

பதிவு செய்யும் கந்தோரில் வேலைக்கு இருந்தது ஒரு சின்னப் பிள்ளை. என் மகளை விட நாலைந்து வயது கூட இருக்கும். மெசினைத் திருப்பி, அடியில் குத்தியிருந்த இலக்கத்தைப் பார்த்து எழுதினாள்.

"இது சுடுற துவக்கு மாதிரிச் சாமான், வாப்பா," என்றாள், தகப்பனைக் கூப்பிடுவது மாதிரி. "ஒங்கட பேருல இரிக்கும் வரைக்கும் அது செய்யிறதெல்லாம் நீங்க செய்யிறதுதான். வாடகைக்குக் குடுக்க ஏலா. இரவல் குடுக்க ஏலா. அட்டையில இரிக்கிற விலாசத்துலதான் வெக்கணும். வருசா வருசம் வந்து புதுப்பிக்கணும்."

"நான் வெளிநாட்டுல வேல செய்யிற."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"அப்ப யாரு பாக்கிற?"

"வீட்டுல ஆக்கள் இரிக்காங்க."

"ஆக்கள் எண்டு எழுத ஏலா. ஒரு பேரு வேணும். அவரு இங்க வந்து கையெழுத்து வெக்கணும். இல்லாட்டி நீங்க போகக்குள்ள பொலிஸ்ல ஒப்படைச்சிட்டுப் போகணும். வந்து எடுக்கலாம்."

எனக்குச் சொன்ன சட்டம் இவ்வளவுதான். எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று நான் ஒருக்காலும் சொன்னதில்லை.

அந்த லீவில் வேம்பை நானே தறித்தேன். ஜன்னலுக்குப் போதுமாக இருந்தது. நிலைக்குப் போதவில்லை. நாள் முடிந்தது.

மச்சானிடம் கையெழுத்துக் கேட்டேன். அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைக்கவில்லை.

"என்ட பேரு என்னத்துக்கு மச்சான் அதுல? ஒங்கட சாமான். நான் பாத்துக்கொள்ளுவன். கையெழுத்து வெச்சாத்தான் பாப்பனா?"

மேலே கேட்கக் கூடாது. தங்கச்சியின் புருஷனிடம் ஒரு தரம்தான் கேட்கலாம்.

பொலிஸில் ஒப்படைப்போம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கலியாணம் பேசிற வீட்டு மனுசன் பொலிஸ் வாசல்ல போய் நிக்கிறதா? ஏன் எண்டு யாரு கேக்கப் போறாங்க? கண்டவன் கண்டதக் கதைப்பான். மாப்பிள்ள வீட்டுக்கு அண்டைக்கே போய்ச் சேந்திரும்."

"அப்ப?"

"நம்மட வீட்டுல வெச்சிட்டுப் போங்க. நான் அதுக்கு மேல படுக்கிறன்."

"அட்டையில இந்த வீடு இல்ல. உம்மாட வீடுதான்."

"அட்டைக்கு என்ன தெரியும்?"

அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் சட்டத்தை மீறியிருப்பேன். மெசின் கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கும். நான் சட்டத்தின் பக்கம் நின்றேன். அட்டையில் உள்ள வீட்டுக்கே கொண்டு போனேன்.

சாமான் அறையில் திறப்போடு நின்றேன் என்று சொன்னேன். மாவடிப்பள்ளிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"திறப்பக் கட்டாருக்குக் கொண்டு போங்க, தம்பி. அதுதான் நல்லம்."

மச்சான் சிரித்தார்.

"ஓம், கொண்டு போங்க மச்சான். என்ட வீட்டுல எனக்குப் பூட்டு. நல்லாத்தான் இரிக்கி."

தங்கச்சி கீழே பார்த்தாள். சீதன வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் பெட்டியைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போவது, அவரைக் கள்ளன் என்று சொல்வதுதான். அந்தச் சொல் தங்கச்சியின் தலையில் விழும். நான் போன பிறகும் அவள் அங்கேதான் இருக்க வேண்டும்.

திறப்பை மச்சானின் கையில் கொடுத்தேன்.

"ஒருத்தருக்கும் குடுக்காதீங்க," என்றேன்.

"குடுப்பனா?" என்றார்.

மாவடிப்பள்ளிக்காரர் எங்களைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதல் வருடம் ஒன்றும் இல்லை. புதுப்பிக்கும் நாள் வந்தது. நான் கட்டாரில். வந்து செய்வோம் என்று விட்டேன்.

இரண்டாவது வருடம் மகளின் வீட்டுக்கு நிலை வந்தது. மனைவி போனில் படம் பிடித்துக் காட்டினாள். வாசல் நிலை, அறை நிலை எல்லாம் சுவரில் சாத்தியிருந்தன. மஞ்சள் நிறம். நல்ல பருமன்.

"முதிரை," என்றாள். "தட்டிப் பாத்தா இரும்பு மாதிரி."

"எங்க எடுத்த?"

"ஒங்கட மச்சான்தான் எடுத்துத் தந்த. மரம் விக்கிற தெரிஞ்ச மரக்காலையாம். காசு பிறகு பாப்பம் எண்டார். சும்மா சொல்லப்படாது, நல்ல மனுசன்."

நான் மச்சானுக்குப் போன் செய்து சந்தோஷம் சொன்னேன். அவர் அதிகம் கதைக்கவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிள்கள் நின்றபடி உறுமும் சத்தம் கேட்டது. ஆட்கள் கதைத்தார்கள். "யாரு அங்க?" என்றேன். "சும்மா, பொடியன்மார்," என்றார். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தங்கச்சியின் குரல் மாறியது. முன்பெல்லாம் பிள்ளைகளைப் பற்றி, விலைவாசி பற்றி நீட்டி நீட்டிக் கதைப்பாள். இப்போது "சுகம் காக்கா, சுகம் காக்கா" என்று மட்டும் சொன்னாள். யாரோ பக்கத்தில் நிற்பது மாதிரிக் கதைத்தாள்.

பிறகு மனைவி சொன்னாள், முகம் தெரியாத இரண்டு பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்களாம். "மெசின்காரர் எப்ப வாறார்?" என்று கேட்டார்களாம்.

"எந்த மெசின்காரர் எண்டு நான் கேட்டன். ஒங்கட பேரச் சொல்றாங்க."

"என்ன சொன்ன?"

"கட்டார்ல எண்டன். தெரியும் எண்டு சிரிச்சாங்க. போயிட்டாங்க."

ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறேன். தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு படம் வந்தது. ஈர மண். சருகு. அதில் என் மெசின் கிடந்தது. கைபிடியில் நான் சுற்றிய நீல டேப் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு மரக்கட்டை. அப்போதுதான் அறுத்தது. வெட்டு முகம் மஞ்சளாக இருந்தது. அந்தப் பருமனில் முதிரை ஊருக்குள் எங்கும் இல்லை. கல்முனையில் இருந்து மேற்கே, வயல் எல்லாம் தாண்டி, ஆனைக் காட்டுக்குள் போக வேண்டும். அது அரசாங்கத்தின் ஒதுக்குக் காடு.

படத்தோடு ஒரு குரலும் வந்தது. இளம் ஆள்.

"சலாம் காக்கா. மெசின் நல்ல வேல. செயின் மட்டும் தேஞ்சிட்டு. நீங்க ஓம் எண்டா மாத்திப் போடுவம். மச்சான் ஒங்களுக்கிட்ட கேக்கச் சொன்ன."

நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அந்த ஆளுக்கு என்னில் ஒரு மரியாதை இருந்தது. வேலைக்காரன் முதலாளியோடு கதைக்கும் மரியாதை. அவன் எனக்கு வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு நீங்க?" என்று எழுதினேன். அறை வரும் வரை போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அறைக்கு வந்து மச்சானைப் போனில் எடுத்தேன்.

"மெசின் பெட்டிக்குள்ள இரிக்கா?"

"இரிக்கி."

"ஒருக்காக் காட்டுங்க. வீடியோவுல."

"கரண்ட் இல்ல மச்சான்."

"டோச் அடிச்சுக் காட்டுங்க."

"டோச் பிள்ளையள் உடைச்சிட்டு."

அவர் பொய் சொல்லவும் கஷ்டப்படவில்லை. மறுநாள் அவருடைய போன் வேலை செய்யவில்லை.

பொலிஸுக்குப் போன் செய்வோமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? என் மெசின் என் தங்கச்சியின் புருஷனிடம் இருக்கிறது, அவர் காட்டை வெட்டுகிறார் என்றா? நான் கொடுக்கக் கூடாத மெசின். கையெழுத்து வைக்காத ஆள். புதுப்பிக்காத பதிவு. எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் என் பேரில் வந்துதான் முடிந்தது.

கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். நான் லீவு எழுதிக் கொடுத்தேன். டிக்கட் வந்த அன்று தங்கச்சி போன் எடுத்தாள்.

"காக்கா, மெசின் களவு போயிட்டு."

"எங்கால களவு போன?"

அவள் அழத் தொடங்கினாள்.

"பெட்டியிலிரிந்தா போன?" என்று கேட்டேன்.

"காட்டுல ஆனை வந்ததாம் காக்கா. எல்லாரும் போட்டுட்டு ஓடி வந்திட்டாங்களாம். மறுகா வன இலாகா ஆக்கள் வந்து மெசின எடுத்திட்டாங்களாம். நம்பரப் பாத்திரிக்காங்க. இங்க வீட்டுக்கு வந்து ஒங்களத்தான் கேட்ட."

"மச்சான எங்க?"

"பின்னால நிக்கிறார்."

அவரிடம் கொடுக்கச் சொன்னேன். பிறகு வந்தார்.

"ஒண்டும் யோசிக்காதீங்க மச்சான். ரெண்டு மூணு மரம்தான். தண்டம் அடிப்பாங்க. முடிஞ்சிரும்."

ரெண்டு மூணு மரம். அதைப் பிடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். பாஸ்போட்டைக் கொடுத்தேன். முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாடகை வான் வண்டியில் ஊருக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். கேட்டிருந்தால் நல்லம் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து முதலில் மகளின் வீட்டைப் போய்ப் பார்த்தேன். நிலைகள் சுவரில் ஏறியிருந்தன. மஞ்சள் நிறம் இல்லை. மனைவி ஆளைப் பிடித்து மண்ணிறப் பெயின்ட் அடிப்பித்திருந்தாள். இரண்டு பூச்சு. வாசனை இன்னும் போகவில்லை.

"ஏன் அடிச்ச?" என்றேன்.

"ஏன் எண்டு தெரியாதா ஒங்களுக்கு?"

மகள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வேறு கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கிராம சேவகர் வந்தார். நல்ல மனிதர். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"நாளைக்குக் காலைல வன இலாகா கந்தோருக்கு வரட்டாம், காக்கா. அட்டை, பாஸ்போட் ரெண்டையும் கொண்டு போங்க," என்றார். வாசல் படலைக்குப் போனவர் திரும்பி வந்தார். "பாஸ்போட்ட ஒரு போட்டோக் கொப்பி எடுத்து வெச்சிட்டுப் போங்க. திரும்பத் தருவாங்களோ தெரியா."

எனக்கு இருந்தது அந்தப் பாஸ்போட் ஒன்றுதான். லீவு முடிவதற்குள் நான் கட்டாருக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் விசா முடிந்துவிடும். விசா முடிந்தால் வேலை இல்லை. வீட்டுக்கு ஓடு போடவில்லை. ஓடு போடாத வீட்டுக்கு மாப்பிள்ளை வரமாட்டார்.

பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டு நானும் மனைவியும் தங்கச்சியின் வீட்டுக்குப் போனோம். மச்சான் விறாந்தையில் இருந்தார். மெலிந்திருந்தார். தங்கச்சி தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். சீனி போட மறந்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

மனைவிதான் தொடங்கினாள்.

"நாளைக்கு நீங்க வாறயா, இவரோட?"

"வாறன் ராத்தா. மோட்டார் சைக்கிள்ல நானே கூட்டிப் போறன்."

"உள்ளுக்கு வாறயா எண்டு கேக்கிறன்."

அவர் கோப்பையை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"மதினி," என்றாள் தங்கச்சி.

"நீ சும்மா இரு. எனக்கும் மகள் இரிக்கி." மனைவி மச்சானின் பக்கம் திரும்பினாள். "வெட்டினது நாங்கதான் எண்டு ஒரு சொல் சொல்லுங்க. இவரு போயிருவார். அங்க போனாத்தான் எங்களுக்குச் சோறு."

"நான் எனக்கா வெட்டின?" என்றார் மச்சான். குரலை உயர்த்தவில்லை. "ஒங்கட மகள்ர வீட்டுல நிக்கிற நிலை எங்கால வந்த? மரக்காலை எண்டு சொன்னன். நீங்க நம்பினீங்களா? அந்த விலைக்கு எந்த மரக்காலையில முதிரை தருவாங்க, ராத்தா? பெயின்ட் ஏன் அடிச்ச?"

மனைவி முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"நான் உள்ளுக்கு வந்து சொன்னா எல்லாத்தையும்தான் சொல்லணும்," என்றார். "நிலையையும் சொல்லணும்."

அவர் மிரட்டவில்லை. அப்படித்தான் இருந்தது விஷயம். அவர் பேர் வந்தால் நிலை வரும். நிலை வந்தால் மகளின் வாசலை உடைத்துக்கொண்டு போவார்கள்.

"எத்தின மரம்?" என்று கேட்டேன்.

"சொன்னன் தானே."

"திரும்பச் சொல்லுங்க."

"ரெண்டு மூணு."

"மூணா? அதுக்கு மேலயா?"

"மூணு நாலு எண்டு வெச்சிக்கொள்ளுங்க. நான் எண்ணல்ல மச்சான். நான் ஒவ்வொரு நாளும் போகல்ல."

தங்கச்சி உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

காலையில் மச்சானின் மோட்டார் சைக்கிளில் போனேன். அவர் வெளியே மரத்துக்குக் கீழே நிறுத்தினார். இறங்கவில்லை. நான் உள்ளே போனேன்.

உத்தியோகத்தர் சிங்களவர். வயதானவர். எங்கள் பக்கத்தில் நெடுநாள் வேலை செய்து தமிழ் பிடித்தவர். என் மெசின் அவருடைய மேசைக்குக் கீழே கிடந்தது. செயினில் மண் காய்ந்திருந்தது. அவர் என் பாஸ்போட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"நீங்க கட்டார்ல இருந்தது. இது சொல்லுது," என்றார். "மரம் நீங்க வெட்டல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா மெசினுக்குக் கால் இல்ல தானே. யாருக்குக் குடுத்தது?"

"ஒருத்தருக்கும் குடுக்கல்ல சேர். வெச்சிட்டுப் போனன்."

"பூட்டினதா?"

"ஓம்."

"திறப்பு எங்க?"

"பெட்டிக்கு மேல."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலால் வெளியே பார்த்தார். மச்சான் மோட்டார் சைக்கிளில் குனிந்து இருந்தார்.

"வைக்கிற நேரம் யாரு யாரு பக்கத்துல?"

"நான் மட்டும்."

"ஐயோ," என்றார். எனக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னொருத்தர்ர பேர் சொன்னா உங்களுக்குக் கொஞ்சம். சொல்லாட்டி எல்லாம் உங்களுக்கு. புதுப்பிக்கவும் இல்ல. எழுதிக் கையெழுத்து வெச்சா மாத்த ஏலாது."

"எத்தின மரம் எண்டதும் பாப்பாங்களா சேர்?"

"ஒண்டு ரெண்டுதான் எண்டா தண்டம் கட்டிப் போகலாம். கூடினா கோட்டுல ஜட்ஜ் ஜெயிலுக்கு, மறியலுக்கு அனுப்பும். பாஸ்போட்டும் கோட்டுலதான்."

"மூணு நாலு எண்டா?"

"மூணு நாலு எண்டா நான் கதைச்சுப் பாக்கலாம். கோட்டுக்கும் மனம் இரிக்கி." கொஞ்சம் நிறுத்தினார். "நாங்க இன்னும் எண்ணல்ல. மெசின எடுத்த அண்டைக்கு நல்ல மழை. ஆனையும் நிண்டது. இண்டைக்குத்தான் உள்ளுக்குப் போய் எண்ணணும். மெசின்காரரும் வரணும்."

அவரும் அந்தச் சொல்லையே சொன்னார்.

எழுதிய வாக்குமூலத்தையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். நான் மூன்றையும் நாலையும் நினைத்தேன். மகளின் வாசலை நினைத்தேன். தங்கச்சி சீனி போடாமல் கொண்டு வந்த தேத்தண்ணீரை நினைத்தேன். கையெழுத்து வைத்தேன். என் பேரை நான் மெதுவாகத்தான் எழுதுவேன். அவர் பொறுத்துக்கொண்டு நின்றார்.

வெளியே ஜீப் வந்தது. உத்தியோகத்தர் முன்னால் ஏறினார். இரண்டு காவலர்மார் என்னோடு பின்னால் ஏறினார்கள். மச்சான் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி ஓடி வந்தார்.

"எங்க மச்சான் போற?"

"காட்டுக்கு."

"என்னத்துக்கு?"

"எண்ண."

அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

"கையெழுத்து வெச்சிட்டீங்களா?"

"ஓம்."

"மச்சான்," என்றார். ஏதோ சொல்ல வந்தார். ஜீப் எடுத்தது. கம்பியை விட்டார்.

வயல் வெட்டி முடிந்திருந்தது. கொக்கு நின்றது. தார் வீதி முடிந்து கிரவல் வந்தது. கிரவலும் முடிந்தது. மின்சார வேலியைத் தாண்டினோம். பிறகு ஜீப் போகாது. நடந்தோம். ஒரு காவலர் முன்னால் பட்டாசு வைத்துக்கொண்டு போனார். ஆனைப் பிண்டம் புதிதாகக் கிடந்தது.

முதல் கட்டை எனக்குத் தெரிந்தது. படத்தில் பார்த்தது. வெட்டு முகம் இப்போது கறுத்திருந்தது. உத்தியோகத்தர் பையில் இருந்து வெண்கட்டி எடுத்து அதில் இலக்கம் எழுதினார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். படம் எடுத்தார்கள்.

இரண்டாவது பக்கத்திலேயே நின்றது. மூன்றாவது கொஞ்சம் தள்ளி. நாலாவதும் பருத்த மரம். நான் சுற்றிப் பார்த்தேன். பற்றையாகத்தான் தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொன்னேன்.

முன்னால் போன காவலர் பற்றையை விலக்கினார். நின்றார். உத்தியோகத்தரைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே வெளிச்சமாக இருந்தது. காட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் வரக் கூடாது. மேலே வானம் வெறுமையாகத் தெரிந்தது. கீழே கட்டைகள். பள்ளம் இறங்கி, அடுத்த மேட்டில் ஏறி, அதற்கும் அப்பால். டிராக்டர் சில்லுத் தடம் நடுவால் போயிருந்தது. சில கட்டை பழசு. தளிர் விட்டிருந்தது. நான் போன முதல் வருடத்திலேயே தொடங்கியிருக்கிறார்கள்.

உத்தியோகத்தர் வெண்கட்டியோடு இறங்கினார். போய் எழுதத் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் நான் போய் நின்றேன். படம் எடுத்தார்கள். வெண்கட்டி முடிந்தது. பையில் இருந்து வேறு எடுத்தார். அதுவும் பாதியானது. ஒரு கட்டையில் இருக்கலாமா என்று கேட்டேன். இருங்கள் என்றார். இருந்தேன். அப்படியே அதையும் படம் எடுத்தார்கள்.

தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"இப்ப பேர் சொல்றதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தண்ணீரைக் குடித்தேன். போத்தலை மூடிக் கொடுத்தேன்.

ஆற்றங்கரையோடு கட்டைகள் முடிந்தன. அதற்கு அப்பால் காடு நின்றது. கடைசிக் கட்டையில் குனிந்து எழுதினார். எழுதிவிட்டு விலகினார். நான் பக்கத்தில் போய் நின்று வாசித்தேன்.

நூற்றுப் பதினேழு.